வேலை எதுவும் இல்லாமல் சென்னைக்கு

கும்பகோணத்துக்காரர்களுக்குச் சென்னை பார்க்கப் போகிற ஊர் இல்லை, வேலையாகப் போகிற ஊர். இன்டர்வியூ, இடமாறுதல், கோர்ட் வாய்தா, கல்யாணம், விசா, டாக்டரிடம் காட்டுவது என்று ஏதாவது ஒன்று இருக்கும். ராத்திரி ரயில் ஏறி விடியலில் எழும்பூரில் இறங்குவோம். வேலை முடிந்தால் அன்று ராத்திரியே திரும்பிவிடுவோம். தபால் துறையில் நான் இருந்த 36 வருஷத்தில் நூறு தடவையாவது போயிருப்பேன். அண்ணா சாலையில் எங்கள் தலைமை அலுவலகத்தின் படிகள் எனக்கு எண்ணிக்கையோடு தெரியும். எழும்பூர் மியூசியத்தின் வாசலைத்தான் ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறேன்.

2019 டிசம்பரில் முதல் தடவையாக, ஒரு வேலையும் இல்லாமல், சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு சனி, ஞாயிறு சென்னைக்குப் போனேன். கூட வந்தவர் எதிர்வீட்டு நண்பர். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருபது வருஷப் பழக்கம் என்றாலும் அவருக்கு நான் சார், எனக்கு அவர் சார். தினமும் காலையில் மகாமகக் குளத்தை நான்கு சுற்று சுற்றிவிட்டு டிகிரி காபி குடித்துவிட்டு வீடு திரும்புவோம்.

அவரைக் கிளப்பியதுதான் பெரிய பாடு. காரணம் உண்டு.

2011-ல் அவர் மனைவிக்கு உடம்பு முடியாமல் போய், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 43 நாள் இருந்தார்கள். அந்த அம்மாள் உயிரோடு ஊர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நண்பர் சென்னைப் பக்கமே போகவில்லை. ஒருமுறை குளக்கரையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்: "எனக்கு மெட்ராஸ்ல ஒரே ஒரு தெருதான் சார் தெரியும். ஒரு முனையில லாட்ஜ், இன்னொரு முனையில ஆஸ்பத்திரி. நடுவுல ஒரு மருந்துக்கடை, ஒரு ஏடிஎம், ஒரு இட்லிக்கடை. அவ்வளவுதான் மெட்ராஸ்."

அவருக்கு ஒரே பெண். பெங்களூரில் இருந்தவள், மாப்பிள்ளைக்கு வேலை மாறியதால் வேளச்சேரியில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு இவர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவன் நான். காய்ச்சல் எதுவும் இல்லை. பெண் எதுவும் கேட்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளே பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து போனாள்.

அந்த வருஷம் அக்டோபரில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நடைக்கு ஆளைக் காணோமே என்று நான் போய்க் கதவைத் தட்டும் வரை, முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். அன்று ராத்திரி பெண் எனக்குப் போன் செய்தாள். "மாமா, நீங்க சொன்னாதான் அப்பா கேப்பாங்க. ஒரு மாசம் இங்க வந்து இருக்கச் சொல்லுங்களேன்." குரல் உடைந்திருந்தது.

பெண் வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அதனால் வேறு பக்கமாகப் போனேன். "சார், மெரினா கலங்கரை விளக்கத்துல மேல ஏற விடறாங்க. லிஃப்ட் வேற இருக்காம்" என்றேன்.

விளக்கு என்றால் அவருக்கு ஒரு பலவீனம். தெருவில் ஒரு டியூப்லைட் கண் சிமிட்டினாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். "அதுல என்ன பல்பு போட்டிருக்கான்? எத்தனை வாட்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? வாங்க, போய்க் கேட்டுட்டு வருவோம்."

இரண்டு நாள் யோசித்தார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் போகக் கூடாது. வேளச்சேரிக்குப் போகலாம் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றேன்.

ஒப்புக்கொண்ட பிறகு என்னைவிட அவர்தான் மும்முரமானார். பேரனிடம் புது போன் வாங்கிய என்னை உட்கார வைத்து அதைத் தேடு, இதைத் தேடு என்றார். கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார். சென்னையில் இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள் இருந்திருக்கின்றன. முதலாவது 1796-ல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றியது. இரண்டாவது 1844-ல், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூண். மூன்றாவது 1894-ல், அதே உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கலசம். நான்காவதுதான் 1977 ஜனவரியில் மெரினாவில் எரியத் தொடங்கியது. "நாலையும் பாத்துடணும் சார்" என்றார். எங்கள் பயணத் திட்டம் இப்படித்தான் முடிவானது.

வெள்ளி ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். அப்போது மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது, ஆண்களுக்கு 40 சதவீதம். கொரோனாவில் நிறுத்தியதுதான், நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியிருக்கிறது. என் மனைவி புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்திருந்தாள். எழும்பூரில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ் எடுத்துக் குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு, மியூசியம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

1851-ல் தொடங்கிய மியூசியம் அது. கட்டடம் கட்டடமாகப் பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் நம் முழங்கால் ஒத்துழைக்காது. நாங்கள் வெண்கலச் சிலைகளை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அதற்கே இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கூடம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு சிலைக்கும் கீழே கிடைத்த ஊரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்குப் பழக்கமான ஊர்களின் பெயர்களாக வரும். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனரைத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள், தலைப்பாகை மாதிரி சுற்றிய சடையோடு, இல்லாத காளையின் மேல் கை சாய்த்து நிற்பாரே அவர்தான். அதே திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீஸ்வரர் இங்கே இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்துச் சிலை. சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒரு கை.

நண்பர் அதன் முன்னால் நின்றார். நான் மற்ற சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தார். காவலுக்கு இருந்தவர் தன் ஸ்டூலை நகர்த்தி, "உக்காந்து பாருங்க ஐயா" என்றார். உட்கார்ந்தார். நானும் பேசாமல் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இடுப்பு வளைவு ரெண்டு பக்கமும் வேற வேற சார். ஆனா நிக்கிறது ஒரே ஆளா நிக்குது" என்றார். பிறகு ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பதை அந்தக் காவலருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு அச்சில் ஒரு சிலைதான் வரும், அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்று அவர் சொன்னதைக் காவலர் கண் விரியக் கேட்டார்.

மத்தியானம் லாட்ஜில் ஒரு தூக்கம். மூன்று மணிக்கு எழும்பூரிலிருந்து மெட்ரோ. இருவருக்குமே அதுதான் முதல் முறை. சென்ட்ரலில் மாறி, அடுத்த ஸ்டேஷனான உயர் நீதிமன்றத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கோட்டை. மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டியதே இல்லை. ஆனால் பூமிக்கடியில் நடக்கிற தூரம் ஒரு மகாமகக் குளச் சுற்றுக்குக் குறையாது.

கோட்டைக்குள் இருக்கும் மியூசியம்தான் பட்டியலில் முதல் விளக்கு இருந்த கட்டடம். அந்தக் காலத்தில் வியாபாரிகள் கூடிய இடம். கப்பலில் வருகிறவர்களுக்கு வழி தெரிய அதன் மாடியில் விளக்கு வைத்தார்கள். இன்று உள்ளே துப்பாக்கி, பீங்கான், பழைய நாணயம், கவர்னர்களின் ஓவியம் எல்லாம் இருக்கின்றன. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை ஓர் அறையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

சாயங்காலம் உயர் நீதிமன்றத்தை வெளியே இருந்தே பார்த்தோம். 1844-ன் தூணும் 1894-ன் கலசமும் ஒரே வளாகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 1892-ல் நீதிமன்றம் கட்டியபோது அதன் கோபுரம் தூணைவிட உயரமாகப் போய்விட்டது. பிறகு விளக்கு கோபுரத்துக்கே மாறிக்கொண்டது. "புது ட்ரான்ஸ்ஃபார்மர் வந்தா பழசை ஆஃப் பண்ணிடுவோம், அது மாதிரி" என்றார் நண்பர். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் கடலிலிருந்து குண்டு போட்டதற்கும் அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்து ஊரே ஓட்டம் பிடித்ததாம். கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் அந்தக் கப்பலிலிருந்து வந்ததுதான்.

அன்று ராத்திரி லாட்ஜில் அவர் தூங்கவில்லை. லாட்ஜ் அறை வாசனையே பழசை எல்லாம் கிளப்பியிருக்க வேண்டும். இருட்டில் அவராகப் பேசினார். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் உடம்பு தேறியிருந்த ஒரு நாள் அந்த அம்மாள், "ஒரு தடவை பீச்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. இவ்வளவு தூரம் வந்து கடலைப் பாக்காம போறதா?" என்று கேட்டிருக்கிறார். "டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போற அன்னிக்குப் போவோம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சொன்னார். மின்விசிறி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் விழித்துக் கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர். கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் நிம்மதியாகத் தரிசித்து, மாட வீதியில் இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குக் கலங்கரை விளக்கத்தில் இருந்தோம். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் முக்கோண வடிவக் கோபுரம். பல வருஷம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து 2013-ல்தான் திறந்தார்கள். டிக்கெட் வாங்கி லிஃப்டில் ஏறினோம். லிஃப்ட் உச்சி வரை போகாது, கடைசியில் கொஞ்சம் குறுகலான படி. என் தோளைப் பிடித்துக்கொண்டு நண்பர் ஏறினார்.

மேலே காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கடல். வடக்கே பார்த்தால் மணற்பரப்பு துறைமுகம் வரை நீள்கிறது. "இவ்வளவு மணலும் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றார். நம் கரையோரத்தில் கடல் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. அப்படி அகலமானதுதான் மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் போய்ச் சேராததால் அங்கே கரையைக் கடல் அரித்தது. "ஒரு லைன்ல லோடு ஏத்தினா இன்னொரு லைன்ல வோல்டேஜ் இறங்கும்" என்று முடித்தார்.

அங்கிருந்த ஊழியரிடம் பல்பைப் பற்றிக் கேட்டார். அந்தப் பிள்ளை பொறுமையாகப் பதில் சொல்ல, இருவரும் லென்ஸ், வாட், ஜெனரேட்டர் என்று கால் மணி நேரம் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எட்டு வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு மேற்குப் பக்கம் வந்து நின்றார். கட்டடங்கள், கட்டடங்கள், நடுநடுவே மரங்கள், கோபுரங்கள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எதையோ தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை.

"தெரியல சார்" என்றார் கடைசியில். "எவ்வளவு பெரிய ஊரு!"

கீழே இறங்குவதற்கு முன்னால் ஊழியரிடம் அவராகவே கேட்டார்: "தம்பி, வேளச்சேரி எந்தப் பக்கம்?" தம்பி தென்மேற்கே கையை நீட்டி, "இங்கேருந்து பறக்கும் ரயில் இருக்கு சார். கலங்கரை விளக்கம்னே ஸ்டேஷன். ஏறினா நேரா வேளச்சேரிதான் கடைசி" என்றார். நான் நிபந்தனையை மீறாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே மணலில் இறங்கி நடந்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நின்றார். கொஞ்சம் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். திரும்பி வந்ததும், "ஆட்டோ பிடிங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார்.

ரயில் திருமயிலை, மந்தைவெளி, கோட்டூர்புரம் என்று வீட்டு மாடிகளின் உயரத்திலேயே போகிறது. டிக்கெட் ஒரு காபி விலைகூட இல்லை. திருவான்மியூர் தாண்டியதும் போனை எடுத்தார். "அம்மாடி, வேளச்சேரி ஸ்டேஷன்ல இறங்கினா எந்தப் பக்கம் வரணும்?" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஹலோ, ஹலோ" என்று இவர் கத்த, பெட்டியே திரும்பிப் பார்த்தது.

அவசரச் சமையல்தான். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், மோர். அப்படி ஒரு சாப்பாட்டை நான் எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை. பேத்தி அவரைக் கையைப் பிடித்து இழுத்து அறை அறையாகக் காட்டினாள். அரை மணி நேரத்தில் மனிதர் மெயின் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எர்த் சரியில்ல மாப்பிள்ளை, யார் போட்டது இதை?" என்று ஆரம்பித்துவிட்டார். பெண் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, இன்னும் கொஞ்சம் மோர்?" என்றாள். ராத்திரி மாப்பிள்ளை எங்களைக் காரில் எழும்பூரில் கொண்டுவந்து விட்டார்.

2020 பிப்ரவரி கடைசியில், எர்த் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லி, ஒரு மாசத்துக்கென்று வேளச்சேரிக்குக் கிளம்பினார். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் கும்பகோணம் திரும்ப முடிந்தது. அந்த ஆறு மாசமும் தினம் சாயங்காலம் எனக்குப் போன் வரும். எங்கள் தெருவில் அவர் வீடு பூட்டிக் கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பேசுவேன். அவர் தனியாக அதற்குள் இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அதற்கு மேல் யோசிக்க மாட்டேன். இப்போது பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே.

நம் வயதுக்காரர்கள் இப்படிப் போக நினைத்தால் சில குறிப்புகள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். மத்தியானம் இரண்டு மணி நேரம் கட்டாயம் படுக்க வேண்டும். மியூசியங்களுக்கு வெள்ளிக்கிழமையும் கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு ஆதார் அட்டை எடுத்துப் போங்கள். மாத்திரை டப்பாவைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் படிகளில் பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டும், அதனால் தனியாகப் போகாதீர்கள். முக்கியமாக, போகிற போக்கில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வேலையையும் கூடவே எடுத்துப் போகாதீர்கள்.

பல்பு எத்தனை வாட் என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும்.